பீனிக்ஸ் கோடையில் குடும்பத்தோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள சாண்ட்லர், கில்பர்ட், மேசா, டெம்பி பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிறோம். புதிதாக வேலை மாற்றிக்கொண்டு வருபவர்களும், விடுமுறைக்கு ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்க நினைப்பவர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த ஊர்க் கோடையில் எதைச் செய்யும் முன்பும் இரண்டைப் பார்த்துக்கொண்டால் போதும்: மணி என்ன, போகும் இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டைச் சுற்றித்தான் இருக்கும்.

வெயில் உண்மையிலேயே அவ்வளவு கடுமையா?

ஆமாம். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பகலில் 100 டிகிரியைத் தாண்டுவது இங்கே இயல்பு. (இந்தப் பக்கத்தில் வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட், 110 என்றால் நம் ஊர்க் கணக்கில் 43.) 1990 ஜூன் 26 அன்று 122 டிகிரி, அதாவது 50 செல்சியஸ் பதிவானது. 2023-இல் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 110-க்குக் குறையவில்லை. 2024-இல் மே கடைசியில் ஆரம்பித்து 113 நாள் விடாமல் 100-ஐத் தொட்டது. பகலில் வாங்கிய சூட்டைத் தார்ச்சாலையும் கான்கிரீட்டும் இரவில் திருப்பி விடுவதால், விடியும் நேரத்திலும் 90-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு.

இதை வெறும் அசௌகரியம் என்று நினைத்துவிடக் கூடாது. 2023-இல் பீனிக்ஸ் அடங்கிய மரிக்கோபா கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போல) மட்டும் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645 என்று கவுன்டி சுகாதாரத் துறை கணக்கிட்டது. தெருவில் வாழ்பவர்கள் அதில் மிக அதிகம். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் ஏசி வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டில் வயதானவர் தனியாக இருந்தால் ஜூலையில் ஒரு முறையாவது கதவைத் தட்டி, "ஏசி ஓடுகிறதா?" என்று கேளுங்கள். இந்த ஊரில் அது அவசியமான விசாரிப்பு.

வேலூர், திருச்சி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமா?

வெயில் பழகியவர்கள்தான் இங்கே முதலில் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் புழுக்கம் இருக்கும், வியர்வை சட்டையை நனைக்கும், தாகம் தானாக எடுக்கும். இங்கே ஜூன் மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வியர்வை தெரிவதற்கு முன்பே காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து தண்ணீர் போவது தெரியாது. தலைவலி, எரிச்சல், குழந்தைகளுக்குக் காரணமில்லாத அழுகை என்றுதான் முதலில் வெளிப்படும்.

அதனால் தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வெளியே நடக்கும்போது பெரியவர்களுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்படும். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்புக் குறையும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, நீராகாரம் எல்லாம் இங்கே நன்றாகவே கைகொடுக்கும். சிறுநீரின் நிறத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். வியர்ப்பது நின்று, பேச்சு குழறி, நிதானம் தவறினால் உடனே அவசர உதவி எண் 911-ஐ அழைத்துவிட்டு, உடம்பைத் தண்ணீரால் நனைத்துக் குளிரச் செய்ய வேண்டும்.

இன்னொன்று தரை. தார்ச்சாலை 160 டிகிரிக்கு மேலேயே சூடாகும். கீழே விழுந்து சில நொடிகள் கிடந்தாலே தோல் வெந்துவிடும். பூங்காவின் சறுக்குமரம், காரின் சீட் பெல்ட் கொக்கி, நீச்சல் குளத்தைச் சுற்றிய சிமெண்ட் எல்லாம் இதே கதைதான். செருப்பில்லாமல் குழந்தையை வாசலில் விடாதீர்கள். கோயிலுக்குப் போகும்போது எல்லோருக்கும் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அப்படியென்றால் அன்றாட வாழ்க்கை எப்படி ஓடுகிறது?

நாள் இரண்டாகப் பிரிந்துவிடும். அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் வழக்கம் கிடையாது. 1968 முதலே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஜூனில் காலை 5.20-க்கே சூரியன் வந்துவிடும். அஞ்சரை மணிக்குப் பூங்காவுக்குப் போனால் நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாயோடு வருபவர்கள், கிரிக்கெட் ஆடும் நம் பையன்கள் என்று கூட்டமாக இருக்கும். ஏழரைக்கு எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். அடுத்த நடமாட்டம் மாலை ஏழரைக்கு மேல்தான், சூரியன் மறைந்த பிறகு. வந்த புதிதில் இதைப் பார்த்து ஊரே காலியாக இருக்கிறதே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. காலையில் அஞ்சரைக்கு வெளியே வந்து பாருங்கள், அக்கம்பக்கம் முழுவதும் அறிமுகமாகிவிடும்.

வீட்டுக்குள் ஏசிதான் ஆதாரம். மின்சார நிறுவனங்களின் பல திட்டங்களில் வார நாட்களின் மாலை நேரத்துக்குக் கட்டணம் அதிகம். பிற்பகலிலேயே வீட்டை நன்றாகக் குளிர வைத்துவிட்டு, அந்த மணி நேரங்களில் ஏசியின் வெப்ப அளவை ஏற்றி வைப்பார்கள். கிரைண்டர், துணி துவைப்பது, அடுப்பு வேலை எல்லாம் காலையிலோ இரவிலோதான். மே மாதத்திலேயே ஏசிக்காரரை வரவழைத்துச் சரிபார்த்துவிடுங்கள்; ஜூலையில் கெட்டுப்போனால் ஆள் கிடைக்க நாளாகும்.

குழாயில் பச்சைத் தண்ணீரைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். வெயிலில் கிடந்த தோட்டத்து ஹோஸில் முதலில் வரும் தண்ணீர் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும் அளவுக்குக் கொதித்திருக்கும்.

பள்ளிகள் மே மாதக் கடைசியில் மூடி, பல மாவட்டங்களில் ஜூலை பிற்பகுதியிலேயே திறந்துவிடும். ஆகஸ்ட் வரை விடுமுறை என்று எண்ணி ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

காருக்கு என்ன கவனம் வேண்டும்?

பேட்டரி இங்கே இரண்டு, மூன்று வருடம் தாங்கினால் பெரிது. கோடைக்கு முன் பேட்டரி, டயர், கூலன்ட் மூன்றையும் பார்த்துவிடுங்கள். முன் கண்ணாடிக்கு மறைப்பு வைத்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியும். எங்கே போனாலும், பக்கத்துக் கடைக்கே போனாலும், காரில் தண்ணீர் இருக்கட்டும்.

குழந்தையை ஒரு நிமிடம்கூடக் காரில் விட்டுப் போகக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. பூட்டிய காரில் குழந்தையோ நாயோ ஆபத்தில் இருப்பதைக் கண்டால், 911-ஐ அழைத்துவிட்டுக் கண்ணாடியை உடைத்துக் காப்பாற்றுபவருக்கு 2017 முதல் அரிசோனா சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உதவி வரும் வரை அங்கேயே நிற்க வேண்டும்.

சமையல், செடி கொடி?

வடகம் போட இதைவிட நல்ல ஊர் கிடையாது. காலையில் பிழிந்தால் மாலைக்குள் சலசலவென்று காய்ந்துவிடும். மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் ஜூனில் முடித்துவிடுங்கள். ஜூலையில் புழுதிக்காற்றும் மழையும் வந்துவிடும். மாவு குளிர்காலத்தில் மணிக்கணக்காகப் புளிக்காமல் சோதிக்கும். கோடையில் கராஜில் வைத்து மறந்தால் பொங்கி வழிந்துவிடும்.

முருங்கை இங்கே தழைத்து வளர்கிறது. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் பிற்பகல் வெயில் ஆகாது; நிழல் துணி கட்டி, காலையில் ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். கலிஃபோர்னியா நண்பர் வீட்டிலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டுவரும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதால், அதைப் பகுதி விட்டுப் பகுதி கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. உள்ளூர் நர்சரியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வார இறுதியில் எங்கே போவது?

மேலே. பீனிக்ஸ் ஏறக்குறைய 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. வடகிழக்கே பேசன் 5,000 அடி, வடக்கே பிரெஸ்காட் 5,400 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி. ஆயிரம் அடி ஏறினால் நான்கு, ஐந்து டிகிரி குறையும். பீனிக்ஸில் 110 என்றால் ஃபிளாக்ஸ்டாஃபில் 85-க்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்தது பேசன் வழி. மேசாவிலிருந்து பீலைன் ஹைவேயில் கிளம்பினால் முதலில் சவாரோ கள்ளிகள், கொஞ்சம் ஏறியதும் புதர்க்காடு, அப்புறம் ஜூனிப்பர், பேசன் தாண்டியதும் வானுயர்ந்த பாண்டரோசா பைன் மரங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பாலைவனத்திலிருந்து மலைக்காட்டுக்கு வந்துவிடுகிறோம். கார் கண்ணாடியை இறக்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் படும் அந்த இடத்துக்காகப் பிள்ளைகள் வழியெல்லாம் காத்திருப்பார்கள். பாண்டரோசா மரப்பட்டையின் விரிசலில் மூக்கை வைத்து முகரச் சொல்லுங்கள், வெனிலா வாசனை வரும்.

பேசனுக்கு வடக்கே டோன்டோ இயற்கைப் பாலம். நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு படிந்து படிந்து உருவான 183 அடி உயரப் பாலம். அடியில் 400 அடி நீளத்துக்குக் குகைபோல் வழி. மேலிருந்து பார்க்கத் தாத்தா பாட்டியாலும் முடியும். கீழே இறங்கும் பாதைகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருக்கலாம். பேசனுக்குக் கிழக்கே 260-ஆம் எண் சாலையில் ஏறினால் மொகியோன் ரிம் என்ற நீண்ட மலை விளிம்பு. அதன்மேல் 7,500 அடியில் உட்ஸ் கேன்யன் ஏரி. புளியோதரையும் தயிர் சாதமும் ஐஸ் பெட்டியில் எடுத்துப்போய் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, ஏரியைச் சுற்றி மெதுவாக நடந்தால் ஒரு நாள் போய்விடும். எல்க் மான்கள் சாலையைக் கடக்கும், அந்தி நேரத்தில் நிதானமாக ஓட்டுங்கள். மிச்சச் சோற்றைக் காட்டில் கொட்டாதீர்கள், கரடிகள் இருக்கும் காடு இது.

ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஐ-17 ஹைவே. வழியில் கேம்ப் வெர்டேயில் மான்டெசூமா காசில். சினாகுவா பழங்குடி மக்கள் பாறை முகட்டின் பொந்துக்குள் கட்டிய 20 அறைகள் கொண்ட ஐந்து அடுக்குக் குடியிருப்பு. பெயரில் ஆஸ்டெக் மன்னர் இருந்தாலும் அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. தளம் போட்ட சிறிய நடைபாதைதான், பெரியவர்களுக்கு வசதி. ஃபிளாக்ஸ்டாஃபில் இரவு தங்க முடிந்தால் லோவெல் வானாய்வகத்துக்குப் போங்கள். 1894-இல் தொடங்கியது, 1930-இல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது இங்கேதான், அந்தத் தொலைநோக்கியையும் பார்க்கலாம். இரவு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. பால்வீதியை முதல் முறை வெறும் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஓர் இரவே போதும்.

தெற்கே போக விரும்பினால் டூசான் பக்கத்தில் மவுன்ட் லெமன், 9,000 அடிக்கு மேல். அதையும் தாண்டி பென்சன் அருகே கார்ட்ச்னர் சுண்ணாம்புக் குகை. 1974-இல் இரண்டு இளைஞர்கள் கண்டுபிடித்து, யாராவது பாழாக்கிவிடுவார்களோ என்று 1988 வரை ஊருக்குச் சொல்லாமல் காத்த குகை அது. 1999-இல்தான் மக்களுக்குத் திறந்தது. உள்ளே ஈரமாக இருக்கும், வெளியில் கொதிக்கும்போதும் வெப்பநிலை மாறாது. முன்பதிவு அவசியம், செல்போன், கேமரா கொண்டுபோக முடியாது.

காட்டில் அடுப்பு மூட்டிச் சமைக்கலாமா?

மே, ஜூனில் பெரும்பாலும் முடியாது. மழை வருவதற்கு முந்தைய அந்த வாரங்களில் காடு பொறிக்குக் காத்திருப்பதைப் போல் காய்ந்து கிடக்கும். வனத்துறை படிப்படியாகத் தீத் தடைகளை அறிவிக்கும். சில சமயம் காட்டையே மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் அன்றைய நிலையைப் பாருங்கள். 2025 ஜூலையில் பரவிய தீயில் கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பின் பழம்பெரும் விடுதியே எரிந்துபோனது. சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோவதே நல்லது.

பிள்ளைகள் தண்ணீரில் விளையாட?

மேசாவுக்கு வடகிழக்கே சால்ட் ரிவரில் டியூபில் மிதப்பது இங்கே பெரிய வழக்கம். இளைஞர் கூட்டமும் மதுவும் அதிகம் என்பதால் சிறு பிள்ளைகளோடு வார இறுதியில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே ஆற்றங்கரையில் அதிகாலையில் காட்டுக்குதிரைகள் தண்ணீர் குடிக்க வரும். அதைப் பார்க்கப் போங்கள், தூரத்தில் நின்று. சவாரோ ஏரி, கேன்யன் ஏரி இரண்டும் பக்கத்திலேயே.

செடோனா அருகே ஓக் கிரீக் ஓடையில் ஸ்லைடு ராக். பாறையே சறுக்குமரம், தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். பாக்டீரியா அளவு கூடினால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், அதையும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

வீட்டு நீச்சல் குளத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் இறப்பதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டில் குளத்தைச் சுற்றி ஐந்தடித் தடுப்பு வேண்டும் என்று அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. விருந்தில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடும்போதுதான் யாரும் பார்ப்பதில்லை. பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள், அவர் கையில் போன் வேண்டாம். பிள்ளைகளுக்கு நீச்சலும் கற்றுக்கொடுத்துவிடுங்கள். நகராட்சி நீச்சல் குளங்களிலேயே வகுப்புகள் நடக்கின்றன.

ஊருக்குள்ளேயே இருக்கும் மலைகளில் ஏறலாமா?

கேமல்பேக் மலையும் பியஸ்டேவா சிகரமும் அழகானவை, நவம்பரில். கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் நகராட்சி அந்தப் பாதைகளைக் காலையிலிருந்து மாலை 5 மணி வரை மூடிவிடும். திறந்திருந்தாலும் கோடையில் பிள்ளைகளோடு வேண்டாம். நாயைக் கூட்டிப்போவதும் 100 டிகிரிக்கு மேல் தடை.

பாலைவனத்தில் இத்தனை லட்சம் பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள், அருமையான கேள்வி. ஒரு பங்கு சால்ட், வெர்டே ஆறுகளிலிருந்து. மலைப்பனி உருகி வருவதை அணைகளில் தேக்குகிறார்கள். 1911-இல் முடிந்த ரூஸ்வெல்ட் அணை அவற்றில் முக்கியமானது. இன்னொரு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து, ஹவாசு ஏரி தொடங்கி 336 மைல் நீளக் கால்வாய் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து வருகிறது. நிலத்தடி நீரும் உண்டு. கொலராடோவில் நீர் குறைந்து, 2022-ஆம் ஆண்டுக்கு முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, அரிசோனாவின் பங்கு வெட்டப்பட்டது. அடி வாங்கியவர்களில் முன்னால் நின்றவர்கள் பினால் கவுன்டி விவசாயிகள். நம் வீட்டுப் புல்தரையை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடிகள் வைப்பது எவ்வளவு நியாயம் என்பது அதிலிருந்தே புரியும்.

இங்கே முதலில் கால்வாய் வெட்டியவர்கள் ஹோஹோகம் மக்கள். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இரும்புக் கருவி இல்லாமல், நூற்றுக்கணக்கான மைல் கால்வாய் வெட்டிச் சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். இன்றைய கால்வாய்கள் சில அவற்றின் தடத்திலேயே போகின்றன. அந்தப் பழைய ஊரின் இடிபாடுகள்மேல் எழுந்ததால்தான் இதற்கு பீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். காலையில் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்துப் பழங்குடியினரான டோஹோனோ ஓதம் மக்கள் ஜூன் கடைசியில், எல்லாமே காய்ந்து கிடக்கும் நேரத்தில், சவாரோப் பழம் பறிக்கிறார்கள். நம் தொரட்டியைப் போன்ற நீளக் கழிதான் கருவி, அதையும் காய்ந்த சவாரோவுக்குள் விலா எலும்புபோல் இருக்கும் மரக்குச்சிகளிலிருந்தே செய்கிறார்கள். பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். மழையை அழைக்கும் சடங்கும் அதோடு சேர்ந்தது; அவர்களின் புத்தாண்டு அப்போதுதான் தொடங்குகிறது. நாம் பொறுத்துக் கழிக்கும் மாதம் அவர்களுக்கு அறுவடைக் காலம். சவாரோ பாதுகாக்கப்பட்ட தாவரம் என்பதால் நாமாகப் போய்ப் பறிக்கக் கூடாது.

மழை பெய்யுமா?

பெய்யும், அதற்காகவே ஊர் காத்திருக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் காலம் என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. உண்மையில் ஜூலையில்தான் சூடு பிடிக்கும். பிற்பகலில் கிழக்கே மலைகள்மேல் மேகம் திரண்டு, மாலையில் காற்றும் மின்னலுமாக இறங்கும். முதல் துளிகள் விழும்போது கிரியோசோட் புதரிலிருந்து கிளம்பும் வாசனைக்காக எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

மழைக்கு முன் சில நாட்களில் ஹபூப் வரும். ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்கு எழுந்து வரும் புழுதிச் சுவர்; 2011 ஜூலை 5 அன்று வந்ததை ஊர் இன்னும் பேசுகிறது. வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஹைவேயில் மாட்டினால் சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள், பெல்ட்டைக் கழற்றாதீர்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதிவிடுவார்.

வெள்ளம் இன்னும் ஆபத்தானது. வருடம் முழுக்கக் காய்ந்திருக்கும் ஓடையில் சில நிமிடங்களில் தண்ணீர் பாயும். தடுப்பு வைத்த சாலைக்குள் காரை விட்டு மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவையும் கட்டவேண்டி வரும், அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. 2017 ஜூலையில் பேசன் அருகே ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரை வெள்ளம் கொண்டுபோனது. மழை பெய்தது அவர்கள் இருந்த இடத்தில் அல்ல, மேலே, தீயில் எரிந்துபோன மலைச்சரிவில். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் ஓடைக்குப் போவதானால் காலையில் போய் நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். மேல்மலையில் மேகம் கறுத்தால் உடனே கரையேறுங்கள்.

ஊர்விட்டுப் போக முடியாத வார இறுதிகளில்?

நூலகம்தான் முதல் இடம். குளிர்ச்சி, இலவசம், பிள்ளைகளுக்குக் கோடை வாசிப்புத் திட்டம் வேறு. வடக்கு பீனிக்ஸில் இசைக்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு எந்த நாட்டுக் கருவியின் முன் நிற்கிறோமோ அதன் இசையைக் கேட்கலாம், இந்தியப் பகுதியும் உண்டு. அரை நாள் பத்தாது. ஐஸ் ஸ்கேட்டிங் அரங்குகள், அறிவியல் மையம் உண்டு. தாவரவியல் தோட்டத்தில் கோடை இரவுகளில் டார்ச் விளக்கோடு சுற்றி வரலாம். மாலையில் மரிக்கோபா என்ற ஊரில் (அதே பெயர் கொண்ட கவுன்டி அல்ல) உள்ள மகா கணபதி கோயில். சாண்ட்லரிலிருந்து வயல்களுக்கும் பொட்டல்வெளிக்கும் நடுவே போகும் வழியே நன்றாக இருக்கும்.

கடலைப் பார்க்க எவ்வளவு தூரம்?

சான் டியேகோ ஐந்தரை, ஆறு மணி நேரம். ஜூலையில் அங்கே அரிசோனா நம்பர் பிளேட்டுகளாக இருக்கும்; நம்மை அங்கே 'ஸோனி' என்று அழைப்பார்கள். யூமா தாண்டியதும் மணல்குன்றுகள், அப்புறம் மலையேற்றம். அந்த ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் கவனித்து, தேவைப்பட்டால் ஏசியை அணையுங்கள். மதியத்தில் அந்தப் பாதையைக் கடக்காமல் விடியும் முன் கிளம்புங்கள். கலிஃபோர்னியா எல்லையில் செடி, பழம் இருக்கிறதா என்று நிறுத்திக் கேட்பார்கள்.

தேள், பாம்பு பயம்?

பட்டைத்தேள் வீட்டுக்குள் வரும். இரவில் புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும், அப்படித்தான் தேடுவோம். ஷூவை உதறிப் போடுங்கள், தொட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கொட்டினால் விஷ உதவி மையம் 1-800-222-1222. குழந்தையைக் கொட்டி மூச்சுத் திணறினாலோ கண் நிலைகொள்ளாமல் சுழன்றாலோ நேராக 911. கிலுகிலுப்பைப் பாம்புகள் கோடையில் இரவில் நடமாடும், நடைக்கு டார்ச் அவசியம்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது வேலி ஃபீவர். புழுதியில் இருக்கும் ஒரு பூஞ்சையால் வரும் நுரையீரல் தொற்று; அமெரிக்காவில் பதிவாகும் இந்தத் தொற்றுகளில் பெரும்பகுதி அரிசோனாவில்தான். வாரக்கணக்கில் விடாத இருமல், காய்ச்சல், அசதி இருந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனையை நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். ஊருக்குத் திரும்பிப் போன பெற்றோருக்கு இப்படி வந்தால் அங்கேயுள்ள மருத்துவரிடம் அரிசோனாவில் இருந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்பா அம்மாவைக் கோடையில் கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிப் போகலாமா?

தெற்கு விளிம்புக்குத் தாராளமாக. சாண்ட்லரிலிருந்து நான்கு மணி நேரம். 7,000 அடி உயரம், கோடையில் பகல் 80-களில் இருக்கும். விளிம்பு நெடுகச் சமதளப் பாதையும் இலவசப் பேருந்தும் உண்டு. உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால் இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். முதல் நாள் மெதுவாக நடக்கட்டும். பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டாம். ஆற்றங்கரை விளிம்பைவிட 20 டிகிரி அதிகச் சூடு, ஏறி வருவது வெயில் உச்சத்தில் நடக்கும்.

கட்டணத்தில் ஒரு மாற்றம்: 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு கிராண்ட் கேன்யன் உட்பட 11 தேசியப் பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இது பொருந்தும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வருடம் இலவச பாஸ் கிடைக்கும்.

அவர்கள் எந்த மாதம் வந்தால் நல்லது?

உங்கள் விருப்பம் என்றால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்குள் வரும், பகலிலேயே வாசலில் உட்காரலாம். பிள்ளைகளின் விடுமுறைக்காகக் கோடையில்தான் வர முடியும் என்றால் மே முதல் வாரம் வந்து ஜூலைக்கு முன் திரும்பட்டும். வந்த அன்றே விடிகாலை நடைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்துப் பூங்காவுக்கு வழி காட்டிவிடுங்கள். பகலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோமே என்ற எண்ணம் அவர்களுக்கு வருவது இயல்பு. அங்கே நாலு தமிழ் முகம் பழக்கமாகிவிட்டால் அவர்களே அஞ்சு மணிக்கு எழுந்து கிளம்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து எத்தனை மணிக்கு இறங்குவது?

மதியம் ஒரு மணிக்குள். இல்லையென்றால் அங்கேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் ஐ-17 தெற்கு நோக்கி நகராது.